குழுக்கடனுக்குப் பெயர் கொடுக்க வேண்டாம், அம்மா

ஒஹையோ, அமெரிக்கா
12.10.2025

அன்புள்ள அம்மா, அப்பாவுக்கு,

உங்கள் மகள் எழுதிக்கொள்வது. நான் நல்ல சுகம். நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்கவும், அப்பாவின் கால் வலி குறையவும் மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

தம்பி, இதை அம்மாவுக்கு நிதானமாக வாசித்துக் காட்டு. கணக்கு வரும் இடத்தில் நிறுத்தி வாசி. போனில் சொல்லத் தொடங்கினால் அம்மாவும் நானும் அழுதுவிடுகிறோம், பிறகு சிக்னலும் போய்விடுகிறது. அதனால்தான் கையால் எழுதி, படம் பிடித்து உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறேன்.

அம்மா, போன ஞாயிற்றுக்கிழமை தம்பி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். குழுக்கடனுக்குப் பெயர் கொடுத்திருக்கிறீர்களாம், வியாழக்கிழமை கூட்டத்தில் கையெழுத்தாம். காதுத் தோட்டை அடகு வைக்க ஹட்டனுக்குப் போகப் போகிறீர்களாம். அதோடு அடுத்த வருஷம் 50 வயதானதும் தோட்டத்தில் பேரை வெட்டிக்கொண்டு, வேலையை விட்டு, இ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசை எடுத்து எனக்கு அனுப்பப் போகிறீர்களாம். இந்த மூன்றில் ஒன்றும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

இங்கே என் படிப்பு, அறை, சாப்பாடு, மருத்துவக் காப்புறுதி எல்லாம் சேர்த்து முதல் வருஷம் 61,000 டாலர் பில். அதில் 57,000 உதவித்தொகையாகக் கிடைத்தது. மீதி 4,000 மாமா கொழும்புக் கடையிலிருந்து அனுப்பினார். இந்த வருஷம் பில் 63,400 ஆகிவிட்டது. உதவித்தொகையோ அதே 57,000தான். கட்டணம் வருஷா வருஷம் ஏறும், உதவி நின்ற இடத்திலேயே நிற்கும் என்பதை வரும்போது எனக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை. உதவித்தொகைக் கடிதத்தில் ஒரு வரி இருந்தது, இப்போது திரும்ப எடுத்து வாசித்தால்தான் விளங்குகிறது. மாமா இந்த முறையும் 4,000 தந்துவிட்டார், அதற்கு மேல் அவரைக் கேட்க முடியாது. ஆக இடித்தது 2,400 டாலர்.

நம் காசில் ஏழு லட்சத்து இருபதாயிரம் ரூபாய். நான் ஒரு தாளில் வகுத்துப் பார்த்தேன் அம்மா. நாளுக்கு 1,350 ரூபாய் வரும் முழுப் பேரில் 533 பேர், அதாவது 533 நாள் வேலை. மாதம் 25 நாள் வேலை கிடைத்தாலும் ஒரு வருஷமும் ஒன்பது மாதமும். சம்பளத்தில் ஒரு பிடிப்பும் இல்லாமல், ஒரு பிடி அரிசிகூட வாங்காமல். அந்தக் கணக்கைப் பார்த்தபிறகு உங்களிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

காசு கட்டாவிட்டால் கணக்கைப் பூட்டி வைப்பார்கள். அடுத்த செமஸ்டருக்குப் பாடம் பதிய முடியாது. பாடம் பதியாவிட்டால் முழுநேர மாணவி இல்லை என்றாகி விசாவும் போய்விடும். ஆகஸ்டில் நான் தம்பியிடம் அழுதது இதற்குத்தான். அதை அவன் உங்களிடம் சொன்னதில் தப்பில்லை.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். நிதி உதவி அலுவலகத்துக்கு முறையீட்டுக் கடிதம் எழுதலாம் என்று ஒரு பேராசிரியை சொன்னார். குடும்ப வருமானத்துக்கு அத்தாட்சி வேண்டும் என்றார்கள். அதற்காகத்தான் அன்றைக்கு உங்கள் சம்பளத் துண்டுகளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். நான் ஒவ்வொரு வரியையும் ஆங்கிலத்தில் எழுதி, துண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த அலுவலக அம்மையாரின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தேன். இ.பி.எப்., சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், கோயில், தேயிலைத் தூள். கொழுந்து பறிக்கிறவர்களுக்கே தேயிலைத் தூளுக்குக் காசு பிடிப்பார்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பிறகு அவர் விரல் ஒரு இடத்தில் நின்றது. இந்த நான்கு நாட்கள் ஏன் பாதியாக இருக்கிறது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். இல்லை, அது அரைப் பேர் என்றேன். காலையிலிருந்து மாலைவரை மலையில் நின்றாலும் சொன்ன கிலோ வராவிட்டால் பாதிச் சம்பளம்தான், மழை நாளில் கொழுந்து இருக்காது, வெயில் காய்ந்தாலும் இருக்காது என்று விளக்கினேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வாரத்தில் 900 டாலர் கூட்டித் தந்து கடிதம் வந்தது. அந்தக் காசு உங்கள் சம்பளத் துண்டு வாங்கித் தந்தது அம்மா. நீங்கள் எனக்கு ஒன்றும் அனுப்பவில்லை என்று இனிமேல் சொல்லாதீர்கள்.

மீதி 1,500. அதை மொத்தமாகக் கட்டத் தேவையில்லை. ஒரு செமஸ்டருக்கு ஐந்து தவணை, மாதம் 150 டாலர். நான் சாப்பாட்டு மண்டபத்தில் வாரம் 10 மணி நேரம் வேலை செய்கிறேன், மணிக்கு 11 டாலர். அது புத்தகம், போன், சவர்க்காரம், குளிர் உடுப்புக்குச் சரியாகப் போகிறது. செப்டம்பரிலிருந்து நூலகத்தில் இன்னும் 4 மணி நேரம் எடுத்திருக்கிறேன். அதில் மாதம் 176 வருகிறது, தவணைக்குப் போதும். இரண்டு தவணை கட்டியாகிவிட்டது, ரசீதையும் படம் எடுத்து அனுப்புகிறேன்.

மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது, அதுவும் கல்லூரிக்குள்தான். வெளியில் ஒரு கடையில் கையில் காசு தருகிறோம் என்று கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. பிடிபட்டால் நான்கு வருஷமும் போய்விடும். இங்கத்தைப் பிள்ளைகளுக்கு அரசாங்க உதவி உண்டு, அந்தப் படிவம் நமக்குக் கிடையாது. பாங்கில் கடன் கேட்டால் இந்த நாட்டுக்காரர் ஒருவர் பிணை நிற்க வேண்டும். யார் நிற்பார்கள்?

வாரத்தில் மூன்று நாள் காலை ஆறு மணிக்கு வேலை. இருட்டில் நடந்து போகும்போது நீங்கள் வேலைக்குப் பேர் கொடுக்கக் காலைப் பெரட்டுக்குப் போகும் நேரம் நினைவுக்கு வரும். இப்போது இங்கே மேப்பிள் இலை எல்லாம் சிவந்து கொட்டுகிறது, அடுத்த மாதம் பனி தொடங்கிவிடும். நம் ஊர்க் குளிர் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை அம்மா, மூக்கு முடிகூட விறைக்கும். ஆனால் உள்ளே நல்ல சூடு. வேலை தொடங்கும்போது அட்டையைத் தேய்க்கிறோம், முடியும்போது தேய்க்கிறோம். நூறு தட்டு கழுவினாலும் ஆயிரம் தட்டு கழுவினாலும் நின்ற நேரத்துக்கு முழுக் காசு. முதல் சம்பளம் வந்த அன்று அதை நினைத்துத்தான் எனக்கு நெஞ்சு அடைத்தது.

குழுக்கடனைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நம் லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பரா சித்தி பட்டது மறந்துவிட்டதா? கடன் வசூலிக்க வருபவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் மரக்கறித் தோட்டத்துக்குப் பின்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்திருப்பார். சித்தி கட்டாத வாரம் குழுவில் மற்ற நான்கு பேரும் சேர்ந்து கட்டினார்கள். பீலிக்கரையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எத்தனை மாதம் தண்ணீர் பிடித்தார்கள்? என் படிப்புக்காக நம் லயத்தில் அது இன்னொரு முறை நடக்கக்கூடாது.

இ.பி.எப். காசு உங்கள் முதுகு தேய்ந்த காசு. அதைத் தொடாதீர்கள். அப்பாவுக்கும் இப்போது தோட்டத்தில் பேர் இல்லை. நீங்களும் பேரை வெட்டினால் நாளைக்குத் தோட்டம் தந்த இந்தக் காம்பராவுக்கே கேள்வி வரும்.

தம்பி, இனி உனக்கு. ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்ததும் அக்கா மாதிரி வருகிறேன் என்கிறாய். வரலாம். ஆனால் உதவித்தொகைக் கடிதம் வந்த சந்தோஷத்தில் சரி என்று சொல்லிவிடாதே. கட்டணம் ஏறினால் உதவியும் ஏறுமா, வெளியில் இன்னொரு உதவி கிடைத்தால் உங்கள் பங்கைக் குறைப்பீர்களா, லீவுக் காலத்தில் அறைக்குத் தனிக் காசா என்று எழுத்தில் கேட்டு வாங்கு. போன வருஷம் வெளியே ஒரு கட்டுரைப் போட்டியில் எனக்கு 1,000 டாலர் கிடைத்தது. கல்லூரி தன் உதவியில் அதே 1,000ஐக் குறைத்துவிட்டது. முன்பே கேட்டிருந்தால் அதையாவது புத்தகத்துக்குத் தரும்படி பேசியிருக்கலாம்.

பேராதனைப் பல்கலைக்கழகம் கிடைத்தால் முதலில் அதை யோசி. 1945இல் வந்த இலவசக் கல்வி நம் தோட்டப் பிள்ளைகளுக்கு வந்து சேர எவ்வளவு காலமானது! அம்மாயி படித்தது ஒரே வாத்தியார் இருந்த தோட்டப் பள்ளியில், ஐந்தாம் வகுப்புவரை. இன்று நீ ஏ.எல். எழுதுகிறாய், படிப்புக்குக் கட்டணம் இல்லை. நுவரெலியா பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருப்பதால் பல்கலைக்கழக நுழைவுக்கான வெட்டுப்புள்ளியிலும் நமக்குக் கொஞ்சம் இடமுண்டு. மகாபொல உதவித்தொகை 2025 பட்ஜெட்டில் 5,000இலிருந்து 7,500 ஆனது. சாப்பாட்டுக்கும் போர்டிங்குக்கும் அது காணாது, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். என் தவணை மே மாதத்தில் முடியும். அதற்குப் பிறகு அந்த 150 உனக்கு.

அம்மா, தீபாவளிக்கு இன்னும் எட்டு நாள். முற்பணத்தில் எனக்கென்று எதையும் ஒதுக்காதீர்கள். அப்பாவுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுங்கள். தோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

வியாழக்கிழமை கூட்டத்துக்குப் போய், பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டு வாருங்கள். சொல்லியாகிவிட்டது என்று தம்பி அன்றைக்கே எனக்கு மெசேஜ் போடட்டும். இங்கே நடு இரவாக இருந்தாலும் நான் விழித்திருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்