கைகள் தெரிகிற படங்கள்

ரங்கூன்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகமாக இருக்க பீலிக்கான் முனீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன்.

உன் மாடலிங் புத்தகத்துக்காக நீ அனுப்பிய 43 படமும் வந்து சேர்ந்தன. நெட் விட்டு விட்டு வருவதால் எல்லாம் இறங்க இரண்டு நாள் ஆனது. வைபரில் இவ்வளவையும் தட்ட எனக்கு விரல் வராது. தாட்டோன் மாமா வியாழக்கிழமை பாங்காக் வருகிறார், அவர் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். அம்மா இறால் போட்டுப் பாலாச்சாங் இரண்டு பாட்டில் வறுத்து வைத்திருக்கிறாள். காரம் குறைத்திருக்கிறாள், பயப்படாமல் சாப்பிடு.

"எதையெல்லாம் புத்தகத்தில் வைக்கலாம்னு பார்த்துச் சொல்லுங்கப்பா" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தாய். அந்த வரியை அம்மா எத்தனை தடவை வாசிக்கச் சொன்னாள் தெரியுமா? ஏழு வாரமாக உன் போனில் கேமரா ரிப்பேர். குரல் வருகிறது, முகம் வரவில்லை. 2025 மார்ச் 28 பூகம்பத்தன்று நாலு மணி நேரம் நீ கிடைக்கவே இல்லை. கிடைத்ததும் நடுத்தெருவில் நின்று, தலையெல்லாம் தூசியாக, முகத்தைத்தான் முதலில் காட்டினாய். அம்மா அதைத்தான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறாள். சரி, அதை விடு. பாங்காக்கில் போன் ரிப்பேர் கடைக்கா பஞ்சம், கொடுத்துச் சரிபண்ணு.

படங்களுக்கு வருகிறேன்.

43 படமும் உன் பெட்டியில் இருக்கட்டும். புத்தகத்துக்கு 12 போதும், மிஞ்சினால் 14. வேலை கொடுக்கிறவர் முன்னால் பத்து புத்தகம் கிடக்கும், பக்கத்தைச் சரசரவென்று தள்ளிக்கொண்டே போவார். பத்து நல்ல படத்துக்கு நடுவே ஒரு சுமாரான படம் இருந்தால் அவர் கண்ணில் நிற்பது அந்தச் சுமாரான படம்தான். சந்தேகமாக இருக்கும் படத்தை எடுத்துவிடு. இருப்பதில் நல்லதை முதலில் வை, அதற்கு அடுத்ததைக் கடைசியில் வை. மூடும்போது பார்த்த முகம்தான் மனசில் தங்கும்.

3, 4, 5, 6 நாலிலும் ஒரே பட்டுப்புடவை, ஒரே சுவர். தலை கொஞ்சம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். 4 மட்டும் போதும். கடற்கரையில் கறுப்புக் கண்ணாடி போட்டு எடுத்த 9 முதல் 15 வரை ஒன்றும் வேண்டாம். கண் தெரியாத படத்தில் உன்னிடம் வாங்குவதற்கு என்ன இருக்கிறது? 22 அருமையான படம், அந்தச் சிவப்பு வெளிச்சமும் புகையும் போட எனக்கே தெரியாது. ஆனால் அது எடுத்தவருடைய கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுகிற படம். அவர் புத்தகத்தில் அவர் வைத்துக்கொள்ளட்டும்.

முதல் பக்கத்துக்கு 1. அந்தச் சிரிப்பில் உன் எத்துப்பல் தெரிகிறது, பாட்டியின் பல். யார் சொன்னாலும் அதில் கம்பி மாட்டிக்கொள்ளாதே. அப்புறம் 8, தலை முதல் கால் வரை தெரிகிறது, உயரம் தெரிகிறது. பக்கவாட்டு முகத்துக்கு 19. கூந்தலுக்கு 27, ஷாம்பு விளம்பரக்காரர்கள் அதைத்தான் பார்ப்பார்கள். டீ கிளாஸைப் பிடித்திருக்கும் 36 நகைக்காரர்களுக்கு, விரல் அவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது. சீலோம் மாரியம்மன் கோயில் வாசலில் லுங்கி கட்டி நடந்து வருகிற 41 கண்டிப்பாக வேண்டும். 1879-இல் நம் ஆட்கள் கட்டிய கோயில் வாசலில், நம் ஊர் லுங்கியோடு என் மகள் நடந்து வருகிறாள். அதை மட்டும் தனியாகப் பிரிண்ட் போட்டு மாமாவிடம் காட்டினேன்.

எதிரெதிர்ப் பக்கம் வைக்கும்போது பார்வையைக் கவனி. இடது பக்கத்து முகம் வலப்புறமும், வலது பக்கத்து முகம் இடப்புறமும் பார்க்க வேண்டும், இரண்டும் உள்பக்கமாக. வெளியே பார்த்தால் பார்க்கிறவர் கண்ணும் புத்தகத்தை விட்டு வெளியே போய்விடும். 9½-க்கு 12 அங்குலம் என்று எழுதியிருந்தாய், பிரிண்ட் மங்கலான தாளில் போடு. பளபளத் தாளில் விளக்கு வெளிச்சம் அடித்து முகம் வெளுத்துத் தெரியும்.

முகம் வெளுத்துத் தெரிவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 17, 20, 33 மூன்றிலும் முகம் ஒரு நிறம், காது ஒரு நிறம். விரல் மூட்டைப் பார், வேறு ஒரு நிறம். மேக்கப் போட்டவர் காதையும் கழுத்தையும் மறந்திருப்பார் என்று நினைக்கிறேன். அல்லது கம்ப்யூட்டரில் முகத்தை மட்டும் தொட்டிருப்பார்கள். இந்த மூன்றும் வேண்டாம். நேரில் போய் நிற்கும்போது படத்தில் இருக்கிறவளும் வாசலில் நிற்கிறவளும் வேறாக இருந்தால் அங்கேயே வேலை போய்விடும்.

எழுதியதைத் திரும்ப வாசித்துப் பார்க்கிறேன் பாப்பா. நான் எடுத்து வைத்த படங்களில் பாதிக்கு மேல் உன் கை தெரிகிற படங்கள். தேடித் தேடிக் கையைத்தான் பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது.

31-ஐ நான் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. மேக்கப் இல்லாமல், தலையை இழுத்துக் கட்டி, வெள்ளைச் சுவர் முன்னால் நின்று எடுத்த படம். ஏஜென்சிக்காரர்கள் கேட்பதே இந்த மாதிரிப் படத்தைத்தான், ஜன்னல் வெளிச்சத்தில், எதுவும் தொடாமல். அதை டேப்லெட்டில் பெரிதாக்கி, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று நிழலை வைத்துப் பார்த்தேன். இடப்பக்கம் ஒரே ஜன்னல். ஒரே ஜன்னல் வெளிச்சம் கன்னத்துக்கு ஒரு நிறமும் காதுக்கு ஒரு நிறமும் கொடுக்காது. முப்பது வருஷம் இதே வேலை பார்த்தவன் நான்.

எதிர்வீட்டு அக்கா மகளை உனக்கு ஞாபகம் இருக்கும். சந்தையில் பெயர் இல்லாத டப்பாவில் ஒரு கிரீம் வாங்கிப் பூசியிருக்கிறாள். மூன்று மாதத்தில் முகம் பளிச்சென்று ஆனது, எல்லாரும் கேட்டார்கள். அப்புறம் கால் வீங்கியது. பாதரசம் இருக்கிறதா என்று டாக்டர் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொன்னார். ராத்திரி தூக்கம் வராமல் போனில் தேடிப் படித்தேன். தோலில் நிறம் உண்டாவதைப் பாதரசம் தடுக்கிறது, அதனால்தான் வெளுக்கிறது. உள்ளே போனது சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. நாடுகள் கூடி மினமாட்டா ஒப்பந்தம் என்று ஒன்று போட்டு, 10 லட்சத்தில் 1 பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப் பொருள்களை 2020-க்குப் பிறகு செய்யவும் விற்க அனுப்பவும் கூடாது என்று வைத்தன, 2025-க்குப் பிறகு பாதரசம் சேர்த்த எதுவுமே கூடாது என்றும் ஆக்கின. இருந்தும் டப்பா சந்தையில் கிடக்கிறது. அங்கே அறைத்தோழிகள் யாராவது இப்படி ஏதாவது பூசினால் நீ எடுத்துச் சொல்லு. ஊசி, டிரிப் என்று போகிறவர்களும் உண்டாம். அவர்களுக்கும் சொல்லு.

மாடலாக்க நான் உன்னை அனுப்பவில்லை என்று உனக்கே தெரியும். 2024 பிப்ரவரியில் அந்தக் கட்டாய ராணுவச் சட்டம் அறிவித்து, 18 முதல் 27 வரை பெண்பிள்ளைகளும் உண்டு என்று கேட்டதும் மூன்றே வாரத்தில் அம்மாவின் வளையலை விற்று உன்னை ஏற்றிவிட்டேன். உயிரோடு பத்திரமாக இரு என்றுதான் அனுப்பினேன். நீ அங்கே போய் சும்மா இருக்காமல் உன் உயரத்தையும் உன் முகத்தையும் வைத்தே வாடகை கட்டுகிறாய். எனக்குப் பெருமைதான். ஒரு வார்த்தை எங்களிடம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன், அதுவும் உண்மை.

சொல்ல வந்தது இது இல்லை. பதின்மூன்று வருஷத்துக்கு மேலாகச் சொல்லாமல் வைத்திருப்பதைச் சொல்கிறேன்.

மொகல் தெரு ஸ்டூடியோவில் நான் முதலில் கற்றுக்கொண்ட வேலையே வெளுக்க வைப்பதுதான். நெகட்டிவை விளக்குப் பெட்டிமேல் வைத்து, பென்சிலை உப்புத்தாளில் ஊசி மாதிரி தீட்டி, கண்ணுக்குக் கீழே, கன்னத்தில் மெல்ல மெல்லப் புள்ளி வைப்போம். நெகட்டிவில் பென்சில் படிந்த இடம் பிரிண்டில் வெளுப்பாக விழும். வாத்தியார் சொல்வார், "கறுத்த பெண்ணுக்கு ஒரு கை கூடுதலாகப் போடு" என்று. கலர் வந்தபோதும் அதே கதை. கோடாக் கம்பெனி லேபுகளுக்கு ஒரு அட்டை அனுப்பும், அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். அந்த அட்டைக்கு ஷெர்லி என்றே பெயர். அவள் முகம் சரியாக வந்தால் கலர் சரி என்று கணக்கு. நம் முகம் சேறு மாதிரி வரும், கண்ணும் பல்லும் மட்டும் தெரியும். சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் கம்பெனிக்காரர்களும் தங்கள் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று முறையிட்ட பிறகுதான் கோடாக் பிலிமைத் திருத்தியது என்று பின்னால் படித்தேன். நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை. என் வேலை சுத்தம் என்று பெயர் வாங்கினேன்.

2012, உனக்கு 11 வயது. தீபாவளிக்கு மஞ்சள் பாவாடை சட்டையில் உன்னை எடுத்தேன். என் கையால் எடுத்ததில் அதுதான் நல்ல படம். கண்ணாடி ஷோகேஸில் பெரிதாக வைக்கலாம் என்றேன். உன் அத்தை, "இந்தக் கலரை வாசலில் வைத்தால் யார் உள்ளே வருவார்கள்" என்றாள். நான் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று ராத்திரி கம்ப்யூட்டரில் உட்கார்ந்து உன் நெற்றியை, மூக்கை, கன்னத்தை, கழுத்தை, கையை எல்லாம் வெளுத்தேன். காதைக்கூட மறக்கவில்லை. நான் வேலை தெரிந்தவன் இல்லையா.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் கண்ணாடிக்கு வெளியே பையோடு நின்றுகொண்டே இருந்தாய். உள்ளே வந்து, "அப்பா, இது எந்த அக்கா?" என்று கேட்டாய். நான் சிரித்தேன். கடைக்கு வந்திருந்தவர்களும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நீ முன்வாசல் வழியாகக் கடைக்கு வரவே இல்லை, பின்னால் சந்து வழியாகத்தான் வந்தாய். காலையில் அம்மா தனக்காக் கட்டையைக் கல்லில் அரைத்துக் கன்னத்தில் இரண்டு வட்டம் போட்டுவிட்டால், நீ கல்லை எடுத்துப் போய் மறுபடி அரைத்து முகம் முழுக்க அப்பிக்கொண்டாய். அம்மா வெயிலுக்கு என்று நினைத்தாள். நான் அப்படி நினைக்கவில்லை. தெரிந்துதான் இருந்தேன்.

அந்தப் படத்தை நான் இறக்கவும் இல்லை. 2014-இல் 1,500 கியாட்டுக்கு சிம் வந்து, ஆளுக்கொரு போனாகி, கடைக்கு ஆள் வருவது நின்று, 2016-இல் ஷட்டர் போடும் நாள் வரை அது அங்கேயேதான் இருந்தது. நாலு வருஷம் நீ பின்வாசல் வழியாகவே வந்தாய்.

பாப்பா, நீ என்ன பூசுகிறாய்? திட்டமாட்டேன். அம்மாவிடமும் சொல்லமாட்டேன். டப்பாவின் பெயரை மட்டும் எழுது, பெயர் இல்லை என்றால் அதையும் எழுது. உடனே நிறுத்திவிட்டு ஒரு தோல் டாக்டரைப் பார். பணத்துக்கு யோசிக்காதே, மாமாவிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன்.

தகரப்பெட்டியில் அந்த தீபாவளி சிடி இருந்தது. தொடாத பைல் அதில் அப்படியே இருந்தது. நேற்று லேபில் எட்டுக்குப் பன்னிரண்டில் போட்டு வாங்கினேன். பிரிண்ட் போடுகிற பையன், "கொஞ்சம் பிரைட் பண்ணட்டுமா அங்கிள்" என்று கேட்டான். வேண்டாம் என்று பக்கத்திலேயே நின்று வாங்கி வந்தேன். பாலாச்சாங் எண்ணெய் படாமல் தனியாகச் சுற்றி வைத்திருக்கிறேன், பார்த்து எடு. இது உன் புத்தகத்துக்கு இல்லை, உனக்கு.

31-க்குப் பதில் வேறு ஒன்று எடுக்க வேண்டும். எப்போது எடுக்கலாம் என்று டாக்டரைப் பார்த்த பிறகு முடிவு பண்ணலாம். காலை 8 மணிக்கு ஜன்னல் பக்கம் நில், வெயில் நேராக விழக்கூடாது. முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முழு உயரம் ஒன்று. எனக்கு அனுப்பு, எப்படி வந்தாலும் அனுப்பு.

இங்கே மின்சாரம் எப்போது வரும் எப்போது போகும் என்று சொல்ல முடியவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு என்று பேட்டரியைச் சார்ஜ் போட்டு வைத்திருப்பேன். 9 மணிக்குக் கூப்பிடுகிறேன். கேமராவைத் திறந்து வை அம்மா.

அப்பா