மஞ்சள் டைல்ஸ் பாதையைச் சரிசெய்யக் கோரி மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்: நடைபாதையைப் பயன்படுத்தும் பார்வையற்றோர் மற்றும் பகுதிவாசிகள்

பெறுநர்: உயர்திரு ஆணையர் அவர்கள், மாநகராட்சி அலுவலகம்

பொருள்: நடைபாதையில் தவறாகப் பதிக்கப்பட்ட டாக்டைல் டைல்ஸை (பார்வையற்றோர் காலாலும் கோலாலும் தடவி வழி அறியும் மேடுள்ள மஞ்சள் டைல்ஸ்) திருத்துதல், மின் பெட்டியை அகற்றுதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் முன்னர் அளித்த மனுக்கள். பதில் வரவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பேருந்து நிறுத்தத்திலிருந்து நூலகத் திருப்பம் வரையுள்ள நடைபாதை தாங்கள் நன்கு அறிந்ததே. அங்கே மஞ்சள் டைல்ஸ் வரிசை நேரே மின்கம்பத்தில் போய் முட்டி, கம்பத்துக்கு அப்பால் மீண்டும் தொடங்குகிறது. போவோர் வருவோர் அதைப் படம் எடுத்துச் சிரிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. கண்ணால் பார்த்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. காலால் தடவி நடப்பவருக்குத்தான் அடிபடுகிறது.

இந்த டைல்ஸ் முதன்முதலில் 1967-இல் ஜப்பானின் ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளி அருகே பதிக்கப்பட்டது. இன்று அதில் விதி இரண்டுதான்: நீளக் கோடு இருந்தால் நடக்கலாம், புள்ளி இருந்தால் நின்று கவனிக்க வேண்டும். எங்கள் நடைபாதையில் இரண்டும் பிறழ்ந்து கிடக்கின்றன.

1. குழாய் வேலைக்குத் தோண்டி மூடிய இடங்களில் கோடு டைல்ஸைத் திருப்பி வைத்துப் பூசிவிட்டார்கள். டைல் சதுரமானது என்பதால் எப்படி வைத்தாலும் இடத்தில் பொருந்திவிடும். கோடு மட்டும் சாலைப் பக்கம் திரும்பிவிடும். வெண்கோலின் முனை கோடுகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தோடு போகிற திசையில்தான் ஆளும் திரும்புவார். அந்தப் பக்கம் பேருந்து வருகிறது.

2. கோடு டைல்ஸ் தீர்ந்துபோன இடத்தில் புள்ளி டைல்ஸைப் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். ஆகவே காரணமே இல்லாமல் நடுவழியில் நிற்க வேண்டியிருக்கிறது. நிற்க வேண்டிய இடமான சாலை கடக்கும் சரிவின் விளிம்பில் ஒரு புள்ளி டைல்கூட இல்லை.

3. எல்லாவற்றையும்விட எங்களை வதைப்பது இரண்டாவது கம்பத்திலுள்ள மின் பெட்டி. முதல் கம்பத்தையாவது கோல் தட்டிக் காட்டிவிடும், ஏனென்றால் அது தரையிலிருந்தே எழுகிறது. பெட்டி அப்படியல்ல. கம்பம் டைல்ஸுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நிற்கிறது, பெட்டி மட்டும் நெஞ்சு உயரத்தில் டைல்ஸின் மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. கோல் தரையைத் துழாவி அடியில் சுலபமாகப் போய்விடும். பின்னால் வருகிற மார்பும் முகமும் தகரத்தில் இடிக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது நேராக நெற்றி உயரம். கீல் துருப்பிடித்துப் பெட்டியின் கதவு வேறு திறந்தே தொங்குகிறது. காற்றடித்தால் அதன் கூர்முனை இன்னும் வெளியே வரும். முழங்காலுக்கு மேல் மாட்டும் எதுவும் 10 செ.மீ.க்கு மேல் பாதைக்குள் நீட்டக் கூடாது என்பது இந்த வேலையின் பாலபாடம். அதே கம்பத்தைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியும் சாய்வாக இறங்குவதால் கோலுக்குத் தட்டுப்படும் முன் முகத்தில் படுகிறது.

சாலைப் பிரிவில் கேட்டால் மின் பிரிவைக் காட்டுகிறார்கள். மின் பிரிவில் கேட்டால், பெட்டி முன்பே இருந்தது, டைல்ஸ்தான் பிறகு வந்தது என்கிறார்கள். இரண்டும் உண்மையாகவே இருக்கட்டும். ஐயா, இடிபட்டவர் எந்தப் பிரிவின் வாசலில் போய் நிற்பது?

4. டைல்ஸின் மேல் சாம்பல் பெயின்ட் அடிக்க வேண்டாம். ஓரளவு பார்வை உள்ளவர்கள் அந்த மஞ்சளை நம்பித்தான் நடக்கிறார்கள்.

5. மறுபடியும் பெட்டியைப் பற்றித்தான். அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினாலே போதும். அதற்கு மின் பிரிவின் ஒப்புதல் தாமதமாகும் என்றால், அதுவரை பெட்டியின் நேர் அடியில், அதே அகலத்துக்கு, 15 செ.மீ. உயரத்தில் ஒரு கல்கட்டு கட்டுங்கள். கோல் அதில் தட்டும், ஆள் நின்றுவிடுவார். பிறகு அந்த இடத்தில் டைல்ஸ் வரிசையைப் பெயர்த்து, பெட்டியிலிருந்தும் கல்கட்டிலிருந்தும் குறைந்தது 60 செ.மீ. தள்ளிப் பதிக்க வேண்டும். வரிசை திரும்பும் இரு முனைகளிலும் நான்கு நான்கு புள்ளி டைல்ஸைச் சதுரமாக வைக்க வேண்டும். வளைவாக வெட்டி ஒட்ட வேண்டாம், காலுக்குத் திருப்பம் தெரியாது. ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் செய்யக்கூடிய வேலைக்கு எத்தனை மனு எழுதுவது?

வேலை முடிந்ததும் பொறியாளர் ஒப்பமிடும் முன், வெண்கோலுடன் நடப்பவர் ஒருவரை அந்தப் பாதையில் நடக்கவிட்டுப் பாருங்கள். எங்களில் யாரை அழைத்தாலும் வருவோம்.

தயவுசெய்து முதலில் அந்தக் கல்கட்டையாவது கட்டித் தருமாறு மீண்டும் மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நடைபாதையைப் பயன்படுத்தும் பார்வையற்றோர் மற்றும் பகுதிவாசிகள்

இணைப்பு: பெட்டி, திருப்பி வைத்த டைல்ஸ், ஸ்டே கம்பி ஆகியவற்றின் படங்கள்