அந்த அழைப்பை எடுத்தவர்களுக்கு

அன்பான அம்மாமாரே, ஐயாமாரே, தம்பி தங்கையரே,

குருத்தணு (இரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணு) மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களின் தேசியப் பதிவேட்டுக்காக நாங்கள் சிலர் தொடங்கிய தரவு சேகரிப்பின் முதற்கட்டம் முடிந்திருக்கிறது. பதிவேடு முழுமை பெற இன்னும் எவ்வளவோ வேலை கிடக்கிறது. ஆனால் நன்றியை அதுவரை தள்ளிப்போட எனக்கு மனமில்லை.

என் தம்பிக்குக் குருத்தணு கொடுத்தது நான்தான். கூடப்பிறந்தவர்களில் ஒருவர் முழுமையாகப் பொருந்த நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு, எங்களுக்குப் பொருந்தியது. சிகிச்சை தமிழ்நாட்டில் நடந்தது, அதன்பின் கிளினிக்கில் காட்டியது கொழும்பில். அங்கே எழுதியது இங்கே இல்லை, இங்கே எழுதியது அங்கே இல்லை. அவனைப் போல் எத்தனை பேர் எந்தக் கணக்கிலும் வராமல் இருக்கிறார்கள் என்ற எண்ணந்தான் என்னை இந்த வேலைக்குள் இழுத்தது. உலகின் பல மாற்றுச் சிகிச்சைப் பிரிவுகள் 1972 முதலே தங்கள் முடிவுகளை அமெரிக்காவின் மில்வாக்கி நகரிலிருந்த பதிவேட்டுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டன. எந்த நோய்க்கு, எந்த வயதில், எந்த மருந்து முறை பலன் தரும் என்று இன்று வைத்தியர்கள் சொல்வதில் பெரும்பகுதி அப்படிச் சேர்ந்த கணக்குகளிலிருந்து வந்ததுதான்.

தாதி அக்காமாரே, ஒரு பிள்ளையின் இரத்தப் பரிசோதனை அறிக்கைகள் தொலைந்துபோயிருந்தன. கிளினிக் கொப்பியின் ஓரத்தில் உங்களில் ஒருவர் பென்சிலால் நியூட்ரோஃபில் (தொற்றை எதிர்க்கும் ஒருவகை வெள்ளை அணு) எண்ணிக்கையை எழுதி வைத்திருந்தீர்கள்: 310, 520, 680, 940. தொடர்ந்து மூன்று நாள் 500க்குக் குறையாமல் நின்றால், அதில் முதல் நாளே புதிய குருத்தணு வேர்பிடித்த நாள். அந்த 520 இல்லாவிட்டால் படிவத்தில் அந்த நாளுக்குரிய கட்டம் வெறுமையாகவே போயிருக்கும்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கிய வெள்ளவத்தை ஆசிரியை அம்மாவுக்கு நான் தனியாகக் கடன்பட்டவள். சிகிச்சைக்குப் பின் வரக்கூடிய ஒரு சிக்கலை 'கொடையாளியின் அணுக்கள் நோயாளியைத் தாக்குதல்' என்று முதலில் எழுதியிருந்தோம். "பிள்ளை, இதை வாசிக்கிற தாய், தமக்கைதான் தம்பியை வருத்தினவள் எண்டு நினைக்கமாட்டாவோ?" என்று கேட்டீர்கள். தம்பிக்கு உடம்பெல்லாம் தோல் சிவந்து உரிந்த நாட்களில் நானும் அப்படித்தான் நினைத்து அழுதேன். 'புதிய அணுக்களும் உடலும் ஒத்துப்போகாத நிலை' என்று மாற்றினோம்.

தரவுகளைக் கணினியில் ஏற்றிய தம்பிமாரே, ஒரே பிள்ளை இரண்டு எழுத்துக்கூட்டலில் இரண்டு பேராகப் பதிவாகியிருந்ததைப் பிறந்த தேதியை வைத்துக் கண்டுபிடித்தது நீங்கள். மிக்க நன்றி.

பிள்ளையை இழந்த குடும்பங்களுக்கு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. கிளினிக்குக்கு வருபவர்களை மட்டும் எண்ணினால், எல்லோரும் பிழைத்ததாகவே கணக்குக் காட்டும். அது அடுத்துச் சிகிச்சைக்குப் போகிற பெற்றோருக்குச் செய்யும் துரோகம். அதனால்தான் உங்களை அழைத்தோம். எண்களை அழுத்திவிட்டு, மணி அடிக்கும்போதே வைத்துவிடலாமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நீங்கள் எடுத்தீர்கள். தேதி சொன்னீர்கள், காய்ச்சல் எப்போது தொடங்கியதென்று சொன்னீர்கள். கொட்டாஞ்சேனை அம்மா ஒருவர் எல்லாம் சொல்லி முடித்தபின், "பேரைச் சரியா எழுதினீங்களோ, ஒருக்கா வாசியுங்கோ" என்றார். வாசித்தேன். "ஓம், அதுதான்" என்றார்.

அம்மா, உங்கள் பிள்ளையின் பெயரை ஓர் எழுத்தும் பிசகாமல் பதிந்திருக்கிறோம்.

நன்றியுடன்,
ஒரு தமக்கை
கொழும்பு