பிளஸ் 1 வகுப்பு வெறும் இடைவழி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாநிலக் கல்விக் கொள்கையின்படி 2025-26 கல்வியாண்டு முதல் பிளஸ் 1 பொதுத்தேர்வு கைவிடப்பட்டது மாணவர்களின் சுமையைக் குறைக்கும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், பதினொன்றாம் வகுப்புப் பாடங்களை ஓரங்கட்டிவிட்டு இரண்டு ஆண்டுகளும் பிளஸ் 2 பாடங்களையே மனப்பாடம் செய்யவைத்த சில பள்ளிகளின் வழக்கத்தைத் தடுக்கவே 2017-18இல் அத்தேர்வு கொண்டுவரப்பட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது. மருத்துவச் சேர்க்கைக்கான நீட், ஐஐடி போன்ற மத்தியப் பொறியியல் கல்வி நிறுவனங்களுக்கான ஜேஇஇ ஆகிய இரண்டு நுழைவுத்தேர்வுகளிலும் பதினொன்றாம் வகுப்புப் பாடங்களிலிருந்து வினாக்கள் வருகின்றன; நியூட்டனின் இயக்க விதிகளையும் வெப்ப இயக்கவியலையும் அரைகுறையாகப் படித்தவர், நுழைவுத்தேர்வே இல்லாத தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் இடம் பெற்றாலும், முதல் பருவத்திலேயே தடுமாறுவார்.

மருத்துவம், பொறியியல் என்ற இரண்டைத் தாண்டிப் பேசாத வீடுகளில் (பெரும்பாலான வீடுகள் அப்படித்தான்) வேறு இழப்பும் நேர்கிறது. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு பிளஸ் 2 பொதுத்தேர்வுக்கு முன்னதாக டிசம்பரிலேயே நடந்துவிடுவதால், அதைப் பற்றி பிளஸ் 1இலேயே அறிந்திராத மாணவருக்கு ஆயத்தமாகப் போதிய காலம் கிடைப்பதில்லை.

ஆகவே, தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தின் உயர்கல்வி வழிகாட்டலை பிளஸ் 1 தொடக்கத்திலேயே, பெற்றோரையும் அழைத்து, தவறாமல் நடத்த வேண்டும். பிளஸ் 1 பாடங்கள் முழுமையாக நடத்தப்படுகின்றனவா என்பதை, தனியார் பள்ளிகள் உட்பட, முதன்மைக் கல்வி அலுவலர்கள் நேரில் ஆய்வு செய்யவும் கல்வித்துறை ஆணையிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பிளஸ் 1 மாணவி ஒருவரின் தந்தை,
மதுரை.