அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் புதிய கட்டடம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நம் ஊர் அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு, புறநோயாளிகளுக்கென்று எப்போதோ கட்டிய நீண்ட அறை ஒன்றில்தான் இன்றும் இயங்கி வருகிறது. ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்கும் வாசலுக்கும் இடையே மூன்று படிகள் உள்ளன. படியைத் தவிர்க்க நினைத்தால் மருந்து வாங்குவோர் வரிசையைச் சுற்றிக்கொண்டு ஸ்ட்ரெச்சரைத் தள்ள வேண்டும்.

2008ஆம் ஆண்டு 108 சேவை வந்தபின் வீட்டிலிருந்தும் சாலையிலிருந்தும் மருத்துவமனை வாசலை அடைவது எளிதாயிற்று. 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, வகுத்த வரம்புக்குள் அரசே ஏற்கிறது. வாசலிலிருந்து படுக்கைக்குச் செல்லும் அந்தச் சில அடி தூரம்தான் இன்னும் சீராகவில்லை. புதிய வரைபடம் அதற்காகவே தீட்டப்பட்டது.

ஆம்புலன்ஸுக்குக் கூரையிட்ட தனி வாசலும், நடந்து வருவோருக்கு வேறொரு வாசலும் அமையும். சாய்தளம் 12 அடி நீளத்துக்கு ஓர் அடிக்கு மேல் உயராது. நுழைந்தவுடன் நோயாளியின் நிலையைப் பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிக்கும் மேசை இருக்கும். உயிருக்கு ஆபத்தான நிலையில் உள்ளவர்களுக்கான சிவப்புப் பகுதி அதற்கு நேர் எதிரே, செவிலியர் கண்ணில் எப்போதும் படும்படி இருக்கும். அங்கே கட்டிலின் தலைமாட்டைச் சுவரோடு ஒட்டாமல் விட்டிருப்பது ஏன் என்று பலரும் கேட்டார்கள். மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தும் மருத்துவர் தலைமாட்டில் நின்றுதான் அதைச் செய்ய முடியும்.

செலவைக் குறைக்க வேண்டி, வாசலை ஒட்டிய குளியலறையையும் உறவினர் காத்திருக்கும் கூடத்தையும் விட்டுவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. குழு அதை ஏற்கவில்லை. நம்முடையது விவசாயப் பகுதி. பூச்சிமருந்து உடலில் பட்டு வருபவரின் உடையைக் களைந்து, உடம்பையும் தலைமுடியையும் சோப்பிட்டுக் கழுவும்வரை நஞ்சு தோல் வழியே உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பராமரிக்கும் செவிலியரையும் அது பாதிக்கக்கூடும். நோயாளியை வார்டுக்குள் கொண்டுசெல்லும் முன்பே கழுவியாக வேண்டும். காத்திருப்புக் கூடம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இன்றும் பார்க்கிறோம்: பதறி வந்த உறவினர்களுக்கு நிற்க இடமில்லாமல் கட்டிலைச் சூழ்ந்துகொள்ள, மருத்துவர் கை நீட்டவும் வழியின்றித் தவிக்கிறார். அவர்கள் மீது குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

‘நமக்கு நாமே’ திட்டத்தின்கீழ் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் திரட்டித் தந்தால், எஞ்சியதை அரசு வழங்கும். அந்த ஒரு பங்குக்காகவே தங்களிடம் வருகிறோம். வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழும் நம் ஊர்ப் பிள்ளைகளும் தம்மால் இயன்றதைத் தந்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். காசோலையாகவோ வரைவோலையாகவோ தருவது கணக்குக்கு நல்லது. சிறு தொகையை ரொக்கமாகவும் தரலாம். எத்தொகையாயினும் ரசீது பெறாமல் தர வேண்டாம். கூடத்துக்கான இருக்கைகள், மின்விசிறிகள், குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி ஆகியவற்றைப் பொருளாகத் தர விரும்புவோர், அளவு மாறிவிடாதிருக்க, வாங்கும் முன் குழுவிடம் தெரிவிக்க வேண்டுகிறோம். வரைபடமும் வரவு செலவுக் கணக்கும் மருத்துவமனை முகப்பில் ஒட்டப்பட்டிருக்கும்.

இங்ஙனம்,
கட்டடக் குழுவினர்