மூன்று வேடர்கள், ஒரே ஒரு நரி

வியன்னா,
ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம்தானே? இங்கே சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடுகிறது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போதும் இருட்டுதான். ஸ்வெட்டர், கோட்டு, தொப்பி என்று மாட்டி முடிப்பதற்குள் அலுத்துவிடுகிறது.

நான் அனுப்பிய பட அட்டையைப் பார்த்து, "பனி எவ்வளவு அழகு, நீ கொடுத்து வைத்தவன்" என்று எழுதியிருந்தாய். அந்தப் படத்தின் அசல் இங்குள்ள குன்ஸ்ட்ஹிஸ்டாரிஷஸ் மியூசியத்தில்தான் இருக்கிறது. நெதர்லாந்துப் பக்கத்து ஓவியர் பீட்டர் புரூகல் 1565இல் மரப்பலகையில் தீட்டியது. வேலை முடிந்து அடிக்கடி போய் அதன் முன்னால் நிற்கிறேன். எனக்கென்னவோ அது பனியைவிட வயிற்றுப்பாட்டைப் பற்றிய படமாகத்தான் தெரிகிறது.

முன்னால் மூன்று வேடர்கள், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஒருவன் தோளில் சாய்த்த ஈட்டியில் மெலிந்த நரி ஒன்று தொங்குகிறது. அன்றைய வேட்டை அவ்வளவுதான்! பின்னால் நாய்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகின்றன. பக்கத்துச் சத்திரத்து வாசலில் தீ எரிகிறது. பன்றியின் மயிரைப் பொசுக்க மூட்டியது என்கிறார்கள். நாம் ஆட்டுத் தலை வாட்டுவோமே, அதே வேலை. அங்கே நிற்கிற ஒருவராவது வேடர்களை ஏறிட்டுப் பார்க்கவில்லை. நரிக்கறியை யார் கேட்பார்கள்? சத்திரத்தின் பெயர்ப்பலகைகூட ஒற்றைக் கொக்கியில் ஆடுகிறது. அதைச் சரியாக மாட்டவும் ஆளில்லை.

கீழே உறைந்த குளத்தில் சறுக்கி விளையாடுகிறார்கள். உன் கண் அங்கேதான் போயிருக்கும். அப்படியே வலது மூலைக்கு வா. ஆலைச் சக்கரம் பனிக்கட்டி பிடித்து நிற்கிறது. சக்கரம் சுற்றாவிட்டால் மாவு ஏது? பாலத்தின் மேல் ஒருத்தி சுள்ளிக்கட்டு சுமந்து போகிறாள். 1564-65 குளிர்காலம் அந்தப் பக்கம் கொடுமையாக இருந்ததாம்.

தூரத்து மலைகள் மட்டும் அந்த ஊரைச் சேர்ந்தவை இல்லை. புரூகலின் ஊர்ப்பக்கம் தட்டையான பூமி. இத்தாலிப் பயணத்தில் பார்த்த ஆல்ப்ஸைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். ஆன்ட்வெர்ப் நகரத்துப் பணக்கார வியாபாரி ஒருவரின் வீட்டுக்காக வரைந்த, வருஷத்து மாதங்களைக் காட்டும் படங்களின் வரிசையில் இது ஒன்று. அந்த மனிதர் கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டே நரியைப் பார்த்திருப்பார்.

சின்னவனிடம் ஒரு வேலை கொடு. வலப்பக்கம் தூரத்தில் ஒரு வீட்டுப் புகைபோக்கியில் தீப்பிடித்திருக்கிறது. கண்டுபிடிக்கட்டும்.

அத்தானைக் கேட்டதாகச் சொல். அப்புறம், பார்சலில் ஊறுகாய் வேண்டாம், போன தடவை ஒழுகிவிட்டது. பருப்புப் பொடி போதும்.

அன்புடன்,
தம்பி