முடிந்துபோன ஆண்டுக்குக் கூடுதல் பிரீமியம் கேட்பதை ரத்து செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
சொந்தக் கார் பாலிசிதாரர்
(பெயர், முகவரி, பாலிசி எண் தனித்தாளில் உள்ளன)

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
காப்பீட்டு ஒழுங்குமுறைத் துறை

பொருள்: காப்பீட்டு நிறுவனம் தன் பதிவுப் பிழைக்காக முன்தேதியிட்டுக் கேட்கும் பிரீமியம் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

என் காருக்கு மூன்றாவது ஆண்டாக ஒரே நிறுவனத்தில் காப்பீடு வைத்திருக்கிறேன். இதுவரை ஒருமுறைகூட இழப்பீடு கேட்டதில்லை. போன மாதம் அவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. என் காரின் இன்ஜின் திறன் 1,497 சிசி. அவர்கள் கணினியில் 1,197 என்று இருக்கிறதாம். அதனால் முதல் ஆண்டிலிருந்தே பிரீமியம் குறைவாக வாங்கப்பட்டுவிட்டதாம். மூன்று ஆண்டுக்கான வித்தியாசத்தையும் 15 நாட்களுக்குள் கட்ட வேண்டும், இல்லையென்றால் பாலிசி ரத்து.

முதல் ஆண்டு காப்பீடு கேட்டுக் கொடுக்கும் முன்மொழிவுப் படிவத்தை நான்தான் கைப்பட நிரப்பினேன். அதில் 1,497 என்றே இருக்கிறது. கூடவே கொடுத்த பதிவுச் சான்று நகலிலும் அதே எண்தான். படிவத்தைப் பார்த்துக் கணினியில் ஏற்றியவர் 4-க்குப் பதில் 1-ஐத் தட்டிவிட்டார். யாருக்கும் நேரக்கூடியதுதான், அந்த ஊழியர்மேல் எனக்குக் கோபமில்லை.

என் பக்கத்திலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பாலிசித் தாள் வந்தபோது பெயர், வண்டி எண், தேதி மூன்றையும் சரிபார்த்தேன். சிசி இருந்த வரியில் என் கண் போகவில்லை. ஆனால் அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இரண்டு காகிதங்களும் அவர்கள் கோப்பில்தான் இருந்தன. பிறகு இரண்டு முறை புதுப்பித்தபோதும் அவர்களே எண்ணை அச்சிட்டு, அவர்களே தொகையைக் குறித்து அனுப்பினார்கள். கேட்டதைக் கேட்ட தேதிக்குள் கட்டினேன்.

கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது தொகை அல்ல. காரணம் என்ற கட்டத்தில் ‘பாலிசிதாரர் அளித்த விவரத்தில் பிழை’ என்று போட்டிருக்கிறார்கள். தொலைபேசியில் கேட்டேன். “சிஸ்டத்தில் அந்த ஒரு காரணம்தான் சார் இருக்கு, வேறு எதையும் செலக்ட் பண்ண முடியாது” என்றார் எதிர்முனையில் இருந்தவர். நிறுவனம் தவறு செய்தால் அதைக் குறிக்க அவர்கள் சிஸ்டத்தில் ஒரு கட்டம்கூட இல்லை போலிருக்கிறது. அப்புறம் எழுத்தில் புகார் கொடுத்தேன். பதிலாக அதே கடிதமே தேதி மட்டும் மாறி வந்தது.

அந்த ஒரு வரி அப்படியே நின்றால், நாளைக்கு நான் விபத்து இழப்பீடு கேட்கும்போது ‘ஏற்கெனவே தவறான விவரம் தந்தவர்’ என்று என் கோப்பே எனக்கு எதிராகப் பேசும். வேறு நிறுவனத்துக்குப் போனாலும் இதே கேள்வி வரும்.

நான் வக்கீல் இல்லை. என்றாலும், காப்பீடு முழு நல்லெண்ணத்தின்மேல், அதாவது எதையும் மறைக்காமல் சொல்வதன்மேல், நிற்கும் ஒப்பந்தம் என்ற கொள்கையை நிறுவனங்களே அடிக்கடி நமக்கு நினைவூட்டுகின்றன. 1766-இல் இங்கிலாந்தில் கார்ட்டர் - போஹம் வழக்கில் இதை வகுத்துச் சொன்ன மான்ஸ்ஃபீல்டு பிரபு, அந்தக் கடமையை இரு தரப்புக்கும்தான் வைத்தார். காப்பீடு தருபவருக்குத் தெரிந்ததையும், அவர் தெரிந்துகொண்டிருக்க வேண்டியதையும் வாடிக்கையாளர் மறைத்தார் என்று பின்னால் சொல்ல முடியாது என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. அந்த வழக்கில் தோற்றவர் காப்பீடு தந்தவர். என் விஷயத்தில் மறைப்பதற்கு எதுவுமே இல்லை; சரியான எண் முதல் நாளிலிருந்து அவர்களிடம் இருக்கிறது.

இன்னொன்றையும் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டும். பிரீமியம் என்பது இனி வரக்கூடிய ஆபத்துக்கு முன்கூட்டியே பேசி முடிக்கும் விலை. சரியான தொகையை அன்றே சொல்லியிருந்தால் வேறு நிறுவனத்தில் விசாரித்திருப்பேன், இல்லையென்றால் கூடுதல் பாதுகாப்புக்காகப் பாலிசியோடு வாங்கும் சேர்க்கைகளில் ஒன்றிரண்டை விட்டிருப்பேன். முடிந்துபோன ஆண்டுகளுக்கு இப்போது பில் போட்டால் அந்த வாய்ப்பு எனக்கு எங்கிருந்து திரும்ப வரும்? அந்த ஆண்டுகளில் கார் மோதியிருந்தால், சிசி பொருந்தவில்லை என்று சொல்லி இழப்பீட்டைக் குறைத்திருக்க மாட்டார்கள் என்பதற்கும் உறுதி இல்லை.

சரியான விலையைத் தர மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. நடப்புப் பாலிசியில் இன்னும் 7 மாதம் இருக்கிறது. அந்த 7 மாதத்துக்கான வித்தியாசத்தைத் தனியாகக் கணக்கிட்டுத் தரட்டும், கட்டுகிறேன். எனக்கு அது கட்டுப்படியாகவில்லை என்றால், அபராதம் இல்லாமல் வெளியேறி மீதிப் பிரீமியத்தைத் திரும்பப் பெற அனுமதிக்கட்டும்.

ஆகவே, கழிந்துபோன காலத்துக்குக் கேட்கும் தொகையை ரத்து செய்யவும், பிழை தன்னுடையது என்று நிறுவனம் எழுத்தில் தந்து என் பதிவிலிருந்து அந்த வரியை நீக்கவும், இழப்பீடு கேட்காததற்கான போனஸ் (பிரீமியத் தள்ளுபடி) சான்றை நிறுத்தி வைக்காமல் தரவும் உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்த மனுமீது முடிவு வரும்வரை பாலிசியை ரத்து செய்யக் கூடாது என்று உடனடியாக அறிவுறுத்தினால் பேருதவியாக இருக்கும். கெடுவில் இன்னும் 6 நாட்களே உள்ளன. காப்பீடு இல்லாமல் காரைச் சாலையில் எடுக்க முடியாது.

முன்மொழிவுப் படிவம், பதிவுச் சான்று, மூன்று ஆண்டுப் பாலிசித் தாள்கள், நிறுவனத்தின் இரண்டு கடிதங்கள், என் புகார் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். படிவத்தில் 1,497 என்று இருக்கும் இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பாலிசிதாரர்